இட்லி மாவும் இரண்டாவது மோட்டாரும்

விமானம் எப்படிப் பறக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். என் அம்மா கேட்ட முதல் கேள்வி, நடு வானத்தில் அது நின்றுபோனால் என்ன செய்வார்கள் என்பது.

கொல்கத்தாவை ஒட்டிய ஹவுராவில், சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்கு வெளியே எங்கள் இட்லிக் கடை இருக்கிறது. சென்னை போகும் ரயில்கள் சில அங்கிருந்துதான் கிளம்புகின்றன. வைத்தியத்துக்காக வேலூர் போகும் வங்காளிக் குடும்பங்கள், எப்படியும் இனி சில வாரம் இதைத்தான் சாப்பிடப் போகிறோம் என்று எங்களிடமே ஒத்திகை பார்த்துவிட்டு ரயில் ஏறுவார்கள். அவர்களோடு பேசிப் பேசியே அம்மா வங்காளம் கற்றுக்கொண்டாள். உளுந்தூர்பேட்டைப் பக்கத்துத் தமிழின் ராகத்தில் அவள் பேசும் வங்காளத்தைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. அவளும் கூடச் சிரித்துக்கொண்டே இன்னொரு தட்டு இட்லியை விற்றுவிடுவாள். அப்பா அதிகம் பேச மாட்டார். அடுப்பு அவருடையது, வாய் அம்மாவுடையது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல நான் கூச்சப்பட்டதே இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று கடையில் எல்லோருக்கும் கேசரி. என்ஜினீயரிங் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று அப்பா தெரு நாய்களுக்கும் சேர்த்து இட்லி போட்டார். அப்படி வளர்ந்தவள், இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு என்ன செய்யப் போகிறேன் என்பதை வீட்டில் விளக்காமல் இருக்க முடியாது.

ஒருநாள் மாலை, கடையில் கூட்டமில்லாத நேரத்தில் விளக்கினேன். பயிற்சி விமானங்களும் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானங்களும் பெரும்பாலும் ஒரே இன்ஜினில் பறப்பவை. இரண்டு வைத்தால் எடை கூடும், பெட்ரோல் கூடும், விலையும் கூடும்.

"அந்த ஒண்ணு நின்னு போச்சுன்னா?" என்றாள் அம்மா.

"கல்லு மாதிரி விழுந்துடாதும்மா. இறக்கை இருக்குல்ல, மிதந்துக்கிட்டே இறங்கும். பைலட்டு கீழ ஒரு நல்ல இடமா பாத்து எறக்கணும்."

அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தாள். ரயில் தண்டவாளங்கள், மின்கம்பிகள், தகரக் கூரைகள், குளம், அந்தக் குளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குளம். "இங்க எங்கடி எறக்குவான்?"

அதுதான் என் ப்ராஜெக்ட் என்றேன். விமானத்தின் முதுகில், இறக்கைக்குச் சற்றுப் பின்னால், ஒரு சின்ன மின்சார மோட்டாரும் அதற்கென்று தனியாக ஒரு பேட்டரியும். பெரிய இன்ஜின் நின்றால் பைலட் ஒரு பொத்தானை அழுத்துவார். இந்த மோட்டார் விமானத்தை டெல்லிக்குக் கொண்டுபோகாது. சில நிமிடம் உயரம் குறையாமல் தாங்கி, குறுக்கே நிற்கும் மரவரிசையைத் தாண்டி ஓடுதளத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

"ஸ்பேர் சிலிண்டரு" என்றாள் அம்மா. "இத சொல்றதுக்கா இவ்ளோ நேரம் இழுத்த? ஒரே சிலிண்டர வெச்சிக்கினு எவன்டி கடை நடத்துவான்?"

அப்பா அடுப்பின் பின்னாலிருந்து முதல் முறையாக வாயைத் திறந்தார். "ஏரோபிளேனு நடத்துறானாம்."

அன்றிலிருந்து வீட்டில் என் ப்ராஜெக்டின் பெயர் ஸ்பேர் சிலிண்டர்.

நாங்கள் கட்டியது நிஜ விமானத்தின் மாதிரி. இறக்கையை விரித்து வைத்தால் எங்கள் வீட்டுக் கட்டிலை அடைத்துக்கொள்ளும். மூக்கில் சிறிய பெட்ரோல் இன்ஜின், முதுகில் என் மோட்டார். ரிமோட்டைப் பிடித்துப் பறக்கவைப்பது என்னோடு படித்த வங்காளித் தோழியின் வேலை. அவளுக்கு மேகத்தைப் பார்த்தே காற்றைச் சொல்லத் தெரியும். எனக்கு மோட்டார், பேட்டரி, அதை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பலகை.

மோட்டாரை விட எனக்குத் தலைவலி கொடுத்தது அதன் புரொபெல்லர்தான். சும்மா இருக்கும்போது அது விரிந்து நின்றால் காற்றைத் தடுக்கும், பெட்ரோல் வீணாகும். அதனால் இரண்டு பிளேடுகளையும் கீல் வைத்துப் பின்பக்கமாக மடங்கும்படி செய்தேன். மோட்டார் சுற்றத் தொடங்கியதும் சுற்றும் வேகத்திலேயே பிளேடுகள் விரிந்துகொள்ளும். நின்றதும் காற்று அவற்றை மடக்கிவிடும். மழைக்காலம் முழுவதும் அந்தக் கீலோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

நகரத்துக்கு வெளியே இரண்டு பேர் உட்காரும் சிறு விமானம் செய்யும் ஒரு கம்பெனி இருந்தது. அங்கிருந்து ஒரு பெண் என்ஜினீயர் எங்கள் கல்லூரி ப்ராஜெக்டுகளைப் பார்க்க வரப்போவதாகச் சொன்னார்கள். அவருக்குப் பிடித்த ஒன்றை அவர்களுடைய நிஜ விமானத்தில் வைத்துச் சோதிப்பார்கள். அதைச் செய்த மாணவியோ மாணவனோ அங்கே பயிற்சியில் சேரலாம். என் தோழிக்கு விமானப்படையில் சேர வேண்டும் என்று ஆசை. எனக்கு இதுதான் வேண்டும். மாதிரி அல்ல, மனிதர் உட்காரும் விமானத்தின் முதுகில் என் மோட்டார் உட்கார வேண்டும். வேறு எதையும் அவ்வளவு தீவிரமாக நான் ஆசைப்பட்டதில்லை.

சோதனைப் பறத்தலுக்குக் குறித்த நாள், விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள்.

ஊரில் ஆயுத பூஜை வருடத்துக்கு ஒருமுறை வரும். எங்கள் வீட்டில் இரண்டு. நவராத்திரியில் தமிழ்க் கணக்குக்கு ஒன்று. அதற்கு முன்பே, ஹவுராவின் பட்டறைகள் எல்லாம் இயந்திரங்களை நிறுத்திவிட்டுக் கும்பிடும் விஸ்வகர்மா பூஜையில் வங்காளக் கணக்குக்கு ஒன்று. எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது அம்மாவின் கொள்கை. அன்றைக்குக் கல்லூரிப் பட்டறையையும் பூட்டிவிடுவார்கள் என்பதால் விமானத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அம்மாவும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிரைண்டருக்குப் பொட்டு வெச்சி, அடுப்புக்கு வெச்சி, தேங்கா துருவிக்குக்கூட வெச்சிட்டு, உன் ஏரோபிளேனுக்கு வெக்காம விட்டா சாமி இன்னா நெனைக்கும்?"

வைத்தாள். மூக்கில் சந்தனம், இறக்கைகளில் குங்குமம், வாலில் செவ்வந்திச் சரம். வானம் முழுக்கப் பட்டங்கள். எதிர் மாடியில் யாரோ யாருடைய பட்டத்தையோ அறுத்துவிட்டு "போ காட்டா!" என்று வெற்றிக் கூச்சல் போட்டார்கள். கடையின் கிரைண்டருக்குப் பக்கத்தில் மாலை போட்டுக்கொண்டு என் விமானம் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்பா அதற்குச் சாம்பிராணி காட்டினார். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைத் தங்கள் போனில் பிடித்துக்கொண்டார்கள்.

பூஜை போட்ட இயந்திரத்தை மறுநாள் வரை தொடக் கூடாது. எங்கள் வழக்கத்திலும் அப்படித்தான், வங்காளிகள் வழக்கத்திலும் அப்படித்தான். கிரைண்டருக்கே அன்றைக்கு ஓய்வு என்றால் விமானத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டா? நானும் தொடவில்லை.

மறுநாள் விடிந்ததும் அம்மா பூவை எல்லாம் எடுத்துவிட்டு, "எடுத்துக்கோடி, சாமி பெர்மிஷன் குடுத்திடுச்சி" என்றாள். குங்குமத்தைத் துடைத்தேன். பெட்ரோல் இன்ஜினை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். வால், இறக்கை எல்லாம் அசைத்துப் பார்த்தேன். என் மோட்டாரை மட்டும் ஓட்டவில்லை. பேட்டரியை ஒரு சொட்டுகூட வீணாக்காமல் முழுதாக வைத்திருப்பதுதான் என் ஏற்பாடு. ஆபத்துக்கு வைத்திருப்பதைத் தரையில் செலவழிப்பார்களா என்று அப்போது நினைத்தேன்.

அன்று எங்கள் கடை மூடியிருந்தது. பண்டிகையும் இல்லாமல் காய்ச்சலும் இல்லாமல் கடை மூடியதை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பா வெள்ளைச் சட்டை. அம்மா பட்டுப்புடவை, கையில் பெரிய டிபன் கேரியர்.

ஊருக்கு வெளியே, காஷ் என்று வங்காளிகள் சொல்லும் நாணல் பூக்கள் வெள்ளையாய் ஆளுயரத்துக்கு நின்ற ஒரு பெரிய மைதானம். எங்களைத் தவிர இன்னும் சில குழுக்கள் வந்திருந்தன. கம்பெனி என்ஜினீயர் அம்மையார் தொப்பி போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதைப் பார்த்தாலும் "ம்" என்று மட்டும் சொன்னார். 'ம்' என்றால் நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் முறை வந்தது. விமானம் அழகாக ஏறியது. தோழி அதை மைதானத்தின் மறுகோடிக்கு, நாணலுக்கும் அப்பால் கொண்டுபோனாள். நான் தலையசைத்தேன். அவள் இன்ஜினை நிறுத்தினாள்.

சத்தம் நின்றது. பொத்தானை அழுத்தினேன்.

'கர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. மோட்டாரின் சத்தம் எனக்குத் தெரியும், இது அதுவல்ல. விமானத்தின் வால் குளிரில் நடுங்குவது போல நடுங்கியது. தோழி, "நிறுத்து, நிறுத்து, பிய்ந்துபோகும்!" என்று வங்காளத்தில் கத்தினாள். நிறுத்தினேன். அதற்குப் பிறகு வெறும் இறக்கைதான். அவள் அதைத் தாலாட்டிக்கொண்டே கொண்டுவந்து, மைதானம் வரை வர முடியாமல், காஷ் பூக்களின் நடுவில் மெத்தென்று இறக்கினாள். வெள்ளைப் பஞ்சு மேகம் போல எழும்பியது.

மைதானத்தில் ஒரே ஒருவர் மட்டும் கைதட்டினார். என் அம்மா.

"பூவுலயே எறக்கிட்டாளுங்க பாருங்க! இன்னா அழகா எறங்குச்சி!" என்று அப்பாவின் தோளைக் குலுக்கினாள். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கையை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கினார்.

நாணலை விலக்கிக்கொண்டு ஓடினோம். இறக்கையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் முதுகில் இருந்த புரொபெல்லரின் ஒரு பிளேடு விரிந்திருந்தது, இன்னொன்று மடங்கியபடியே ஒட்டிக்கொண்டிருந்தது. பிளேடுக்கு அடியில், கீலைச் சுற்றி, பழுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒன்று. நகத்தால் சுரண்டினேன். அசையவில்லை. தோழி குனிந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு மிகுந்த மரியாதையோடு என்னைப் பார்த்து, "ஏ தோ இட்லி!" என்றாள். இது இட்லியாச்சே!

மாவுதான். உளுந்து போட்டு அரைத்த, நன்றாகப் புளித்த எங்கள் கடை மாவு. அது காய்ந்தால் என்ன ஆகும் என்பது கிரைண்டர் கழுவிய யாருக்கும் தெரியும். உளி வேண்டும்.

விமானத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து அம்மாவிடம் காட்டினேன்.

"சந்தனம் அந்த வழவழப்புல நிக்கவே இல்லடி" என்றாள் அம்மா. சொல்லும்போதே குரல் இறங்கிக்கொண்டு வந்தது. "பூவு நழுவி நழுவி வுழுந்துச்சி. அந்த ஃபேனுதான உன் ஸ்பேர் சிலிண்டரு? அதுக்குத்தான் மொத பூவு வெக்கணும்னு... ஒரு துளி மாவத் தொட்டு ஒட்டினேன். கெட்டுப்போச்சா?"

தோழிக்கு அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. பக்கத்துக் குழுவுக்கு விஷயம் போனது, அங்கிருந்து அடுத்த குழுவுக்கு. மைதானம் முழுக்க இட்லி, இட்லி என்று சிரிப்பு ஓடியது. இதற்குள் என்ஜினீயர் அம்மையாரும் வந்துவிட்டார். கீலைப் பார்த்தார். "ம்" என்றார்.

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக அவர் முன்னால் போய் நின்றாள். தன்னுடைய வங்காளத்தில், தப்பு தன்னுடையது, பெண்ணுடையது இல்லை, அவள் நன்றாகப் படிக்கிற பெண், மார்க்கைக் குறைத்துவிடாதீர்கள் தீதி என்று ஆரம்பித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் வேலைக்காக என் அம்மா யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

"அம்மா, நீ இரு" என்று அவள் முன்னால் போய் நின்றேன். "மேடம், தப்பு அம்மாவுடையது இல்லை. இன்றைக்கு இட்லி மாவு. நாளைக்கு உங்கள் ஹேங்கரில் குளவி கூடு கட்டும். பெயின்ட் அடிக்கிறவர் கீலின் மேலேயும் சேர்த்து அடித்துவிட்டுப் போவார். மழையில் துருப்பிடிக்கும். தினமும் ஓடும் இன்ஜினில் கோளாறு வந்தால் உடனே தெரிந்துவிடும். ஓடாமலே உட்கார்ந்திருக்கும் மோட்டார் செத்துப்போனால் யாருக்கும் தெரியாது. தெரியும்படி நான் செய்யவில்லை. அதுதான் தப்பு."

அவர் முதல் முறையாகக் கைகளை முன்னால் கொண்டுவந்தார். "சரி. என்ன செய்யப் போகிறாய்?"

"மத்தியானம் வரை நேரம் கொடுங்கள்."

"மற்றவர்கள் எல்லாம் முடியட்டும். கடைசியாக நீ."

மாவைச் சுரண்டி எடுப்பது தோழியின் வேலையானது. அப்பா தண்ணீர் ஊற்றி ஊற வைக்க, அவள் குச்சியால் கிளற, அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்கு இட்லி கொடுத்துக்கொண்டிருந்தாள். "காயுற வரைக்கும்தான் அது கல்லு, வாய்ல போட்டா பஞ்சு" என்று தன் மாவின் மானத்தைக் காப்பாற்றவும் தவறவில்லை. நான் மரத்தடியில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டுப்பாட்டுப் பலகைக்குப் புதிய வேலை ஒன்றைச் சொல்லிக்கொடுத்தேன். இனி பெட்ரோல் இன்ஜினைக் கிளப்பும் முன், என் மோட்டார் சற்று நேரம் சுற்றியாக வேண்டும். பிளேடுகள் சரியாக விரிந்து காற்றைத் தள்ளினால் மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பது எனக்கு மனப்பாடம். அந்த அளவு வராவிட்டால் சிவப்பு விளக்கு எரியும், பெட்ரோல் இன்ஜினுக்குப் பொறி போகாது. மாற்று மோட்டார் உயிரோடு இல்லாமல் விமானம் தரையை விட்டுக் கிளம்பவே முடியாது. பேட்டரியில் ஒரு துளி செலவாகும். ஆகட்டும்.

வெயில் தாழும் நேரத்தில் எங்களைக் கூப்பிட்டார்கள். செய்ததைச் சொன்னேன். என்ஜினீயர் அம்மையார் கேட்டுவிட்டு, "இதை நான் எப்படி நம்புவது?" என்றார். பிறகு சுற்றிலும் பார்த்து, அம்மாவைக் கண்டு, சித்தியைக் கூப்பிடும் வங்காளச் சொல்லால், "மாஷிமா, இங்கே வாருங்கள்" என்றார். "நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொள். மாஷிமா, இந்த விமானத்தை உங்கள் இஷ்டம்போல் மறுபடியும் கெடுங்கள்."

அம்மாவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. "ஏய், நெஜமாவாடி சொல்றாங்க?"

"நெஜமாத்தான். கெடு."

"அப்புறம் என்மேல குத்தம் சொல்லக் கூடாது."

நான் திரும்பி நின்றேன். பின்னால் வளையல் சத்தமும், தோழியின் களுக்கென்ற சிரிப்பும், அப்பா தாழ்ந்த குரலில் "அந்தப் பக்கமும் ஒரு சுத்து சுத்து" என்று சொல்வதும் கேட்டன. இவ்வளவு சந்தோஷமாக யாரும் ஒரு விமானத்தை நாசம் செய்திருக்க மாட்டார்கள்.

திரும்பச் சொன்னார்கள். விமானத்தின் முதுகு எனக்குத் தெரியாமல், இன்ஜின் பகுதி மட்டும் தெரியும்படி ஒரு துணியைத் திரை போலப் பிடித்திருந்தார்கள். கிளப்பினேன். திரைக்குப் பின்னால் என் மோட்டார் முனகியது. சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்ரோல் இன்ஜினைச் சுற்றினேன். உயிர் வரவில்லை. இன்னொரு முறை. வரவில்லை. துணியை எடுத்தார்கள். இரண்டு பிளேடுகளையும் சேர்த்து, தன் தலையில் இருந்த பூச்சரத்தின் நாரால் அம்மா கட்டு கட்டென்று கட்டியிருந்தாள். காலையில் இட்லி இட்லி என்று சிரித்தவர்கள்தான் இப்போது கைதட்டினார்கள்.

நாரை அவிழ்த்தோம். மறுபடி கிளப்பினேன். என் மோட்டார் சுற்றியது, பிளேடுகள் பட்டென்று விரிந்தன, பச்சை விளக்கு வந்தது, உடனே மூக்கிலிருந்த இன்ஜின் உறுமிக்கொண்டு எழுந்தது.

இந்த முறை தோழி விமானத்தைக் காலையில் போனதை விடத் தள்ளிக் கொண்டுபோனாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் கண்ணைச் சிமிட்டினாள். இன்ஜினை நிறுத்தினாள். விமானம் இறங்கத் தொடங்கியது. நாணலின் உயரத்துக்கு வந்துவிடுமோ என்று தோன்றியபோது பொத்தானை அழுத்தினேன்.

தேனீ போல ஒரு ரீங்காரம். எனக்குத் தெரிந்த சத்தம். இறங்கிக்கொண்டிருந்த விமானம் இறங்குவதை நிறுத்தியது. அவ்வளவுதான் நடந்தது. பார்க்கிறவர்களுக்கு அது பெரிய காட்சியே இல்லை. கீழே போய்க்கொண்டிருந்த ஒன்று கீழே போகாமல் இருந்தது. நேராக, மட்டமாக, வெள்ளைப் பூக்களின் மேல் நிழலை இழுத்துக்கொண்டு, எங்களை நோக்கி வந்தது. தோழி அதை எங்கள் தலைக்கு மேல் ஒரு வட்டம் சுற்றவைத்து, கிளம்பிய இடத்திலேயே கொண்டுவந்து இறக்கினாள். அப்பா வெள்ளைச் சட்டையோடு அதன் பின்னால் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

என்ஜினீயர் அம்மையார் 'ம்' என்று சொல்லவில்லை. என்னிடம் வந்து, "இந்தச் சோதனையை எங்கள் விமானத்திலும் வைக்க வேண்டும். மோட்டாரோடு சேர்த்து. பூஜைக்குப் பிறகு சனிக்கிழமைகளில் வர ஆரம்பிக்கிறாயா?" என்றார். கொல்கத்தாவில் துர்கா பூஜை நெருங்கிவிட்டால் எல்லா நல்ல காரியமும் பூஜைக்குப் பிறகுதான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிட்டாள். "பூஜோர் பரே கேனோ? கால்கேயி ஆஷ்பே!" பூஜைக்குப் பிறகு எதற்கு, நாளைக்கே வருவாள்.

"அம்மா, நாளைக்கு எனக்குக் காலேஜு."

"சாயங்காலம் போ. பஸ்ஸு இல்லியா?"

என்ஜினீயர் அம்மையார் அன்று முதல் முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். டிபன் கேரியரைப் பார்த்து, மாவு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். மாவு இல்லை, இட்லிதான் இருக்கிறது என்று அம்மா அவர் கையில் தட்டைக் கொடுத்தாள். நின்றுகொண்டே சாப்பிட்டார். அப்பா விமானத்தை ஒரு குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். வழியில் நின்று நின்று, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அதன் முதுகைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டே வந்தார்.